வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள்

குமுதாவைத் தேடி அந்த மாதம் இருநூற்றுப் பதின்மூன்று பேர் வந்து போயிருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மகள் புனிதா கைப்பேசியைத் திருப்பிக் காட்டி அதைச் சொன்னபோது, குமுதா கிள்ளான் வீட்டின் பின்புறத்தில் உட்கார்ந்து நொச்சித் தழையை உருவிக்கொண்டிருந்தாள். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. தகரக் கூரையின் விளிம்பிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே சாலையில் யாரோ வந்து நின்றதுபோல அவள் ஒரு முறை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. மகள் சொன்னது இணையப் பக்கத்துக்கு வந்தவர்களை என்று பிறகுதான் உறைத்தது.

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய்த் தாயையும் சேயையும் நாற்பது நாள் பார்த்துக்கொள்வது குமுதாவின் வேலை. இருபத்து மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறாள். விடிந்ததும் தாயின் உடம்புக்கு எண்ணெய் தடவி உருவி விடுவாள். நொச்சியும் வேப்பிலையும் செராய் என்கிற எலுமிச்சைப்புல் தண்டும் போட்டுக் கொதித்த நீரைப் பதமாக ஆற்றிக் குளிக்க வார்ப்பாள். வயிற்றைத் துணியால் சுற்றிக் கட்டுவாள். பூண்டுக் குழம்பும் விரால் மீன் குழம்பும் வைத்துக் கொடுப்பாள். பிறகு பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, அந்தத் தாய் இரண்டு மணி நேரம் தூங்கட்டும் என்று உட்கார்ந்திருப்பாள்.

முன்பெல்லாம் ஒரு வீட்டில் இருக்கும்போதே அடுத்த வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். கோயிலிலும் பாசார் சந்தையிலும் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். இப்போது பெண்கள் கொண்டோ அடுக்குமாடியின் பதினெட்டாவது தளத்தில் இருக்கிறார்கள். பக்கத்துக் கதவில் யார் என்று தெரியாது. எதுவானாலும் கைப்பேசியிடம்தான் கேட்கிறார்கள். தீபாவளியிலிருந்து தைப்பூசம் வரை குமுதாவைக் கூப்பிட்டது ஒரே ஒரு வீடு. கணவர் சபாபதி துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். முதுகெலும்பு நகர்ந்துபோய் இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறார். அதனால் அந்த ஒரே வீடு அவர்கள் இருவர் மனதிலும் கல்லாகக் கிடந்தது.

புனிதா பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயண நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அங்கே நிறுவனத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அம்மாவுக்கும் ஒன்று செய்து கொடுத்தாள். இளஞ்சிவப்பு நிறம். மேலே சோளக் குஞ்சம்போல் முடியுள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தாள். அதற்குக் கீழே ஐந்து நட்சத்திரம். நட்சத்திரத்துக்குக் கீழே மூன்று பெண்கள் குமுதாவைப் புகழ்ந்திருந்தார்கள். பங்சாரைச் சேர்ந்த பிரியா, குமுதா ஆன்டி இல்லாவிட்டால் தான் பைத்தியம் ஆகியிருப்பேன் என்று எழுதியிருந்தாள். தன் பெயர் போட்ட கல்யாண மண்டபத்துக்குள் வழி தெரியாமல் நுழைந்தவள்போல் குமுதா அதைப் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்று சொன்னாள்.

அந்த இருநூற்றுப் பதின்மூன்று பேர் அவளை விடவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மழை தகரத்தில் இறங்கும். அந்தச் சத்தத்துக்குள் கண் சொருகும்போது அவர்கள் வந்து வாசலில் நிற்பார்கள். எல்லாருக்கும் நிறைமாத வயிறு. நனைந்த செருப்பைக் கையில் பிடித்திருப்பார்கள். கேட்டில் அந்த வெள்ளைக்காரியின் படம் தொங்கும். அதைப் பார்ப்பார்கள், வீட்டைப் பார்ப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி மழைக்குள் நடந்துபோவார்கள். கூப்பிட வாயைத் திறந்தால் குரல் வராது. விழித்தால் அடுப்பில் வைத்த தழைத் தண்ணீரின் கசப்பு வாசனை வீடு முழுக்க நிற்கும். கணவரிடம் சொன்னாள். மத்தியானத்தில் பலாப்பழத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்றார் சபாபதி.

ஒரு புதன்கிழமை நாலு மணிக்குத்தான் கைப்பேசி அடித்தது. மெல்லிய குரல். பேசுவதற்கு முன் பலமுறை பேசிப் பார்த்ததுபோல் இருந்தது. ஏழு மாதம் என்றாள். தனக்கு அம்மா இல்லை, அதனால் கொஞ்சம் பயமாக இருக்கிறது என்றாள். குமுதா எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். எத்தனை மணிக்கு வருவாள், என்ன சமைப்பாள், அறுவைப் பிரசவம் என்றால் எத்தனை நாள் கழித்து வயிறு கட்டுவாள். அந்தக் குரல் சிறிது சிறிதாக இளகி வந்தது. பிறகு கேட்டது.

"ஆன்டி, பங்சார்ல பிரியான்னு ஒருத்தவங்க எழுதியிருக்காங்கல்ல. அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமா? அவங்க நம்பர் வேணாம். என் நம்பரக் குடுத்துடுங்க, அவங்களுக்கு நேரம் இருக்கப்ப கூப்பிடட்டும்."

பிரியா ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள் என்று சொல்லியிருக்கலாம். நம்பர் மாறிவிட்டது என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் குமுதாவின் நாக்கு நுனியில் வந்து நின்றன.

"அப்படி ஒரு ஆளு இல்லம்மா," என்றாள். "என் மக எழுதினது."

எதிர்ப்பக்கம் கோபப்படவில்லை. "ஓ," என்றது. சரி ஆன்டி, தேங்க் யூ என்றது. வைத்துவிட்டது. அந்தக் குரல் பிறகு திரும்பி வரவே இல்லை.

சாயங்காலம் கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே வந்த புனிதா, பையை இறக்குவதற்குள் அம்மா விஷயத்தைச் சொன்னாள். புனிதாவுக்கு எரிச்சல் வந்தது. ஊரில் இருக்கிற எல்லாப் பக்கமும் அப்படித்தான் இருக்கிறது, டவுனில் புதிதாகத் திறந்திருக்கும் பிரசவ மையத்துக்கு வந்திருக்கும் பாராட்டெல்லாம் உண்மையா என்று கேட்டாள். நல்ல வேலை செய்கிற ஆளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதினால் அது பொய்யாகிவிடுமா என்றும் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்ல புனிதா," என்றாள் குமுதா. "அது பிரியாகிட்டப் போயி அம்மாவத் தேடியிருக்கு."

புனிதா கைகால் கழுவப் போனாள். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்றாள்.

அந்த ஞாயிறு வெயிலும் மழையும் மாறி மாறி அடித்த நாள். வெள்ளைக்காரி போனாள். நட்சத்திரம் போனது. பிரியாவும் மற்ற இருவரும் போனார்கள். காலியான பக்கத்தைப் பார்த்தபோது குமுதாவுக்கு வீடு காலி செய்த மறுநாள்போல் இருந்தது. புனிதா படம் எடுக்க ஆரம்பித்தாள். பின்புறத்து நொச்சிச் செடி, கருத்துப்போன அண்டா, துவைத்துக் காயும் வயிற்றுக்கட்டுத் துணிகள், எண்ணெய் படிந்த அம்மாவின் இரண்டு கைகள். முகம் வேண்டாம் என்று குமுதா கூச்சப்பட்டாள். முகம் இல்லாமல் எப்படிம்மா வீட்டுக்குள் விடுவார்கள் என்று மகள் கேட்டதும் கைலியை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். வீட்டு முகவரியையும், கேட் பச்சை நிறம் என்பதையும் எழுதினார்கள்.

புனிதாவுக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. என்னென்ன செய்வீர்கள் என்பதை எழுதியாயிற்று, என்னென்ன செய்ய மாட்டீர்கள் என்று கேட்டாள். குமுதா யோசித்து யோசித்துச் சொன்னாள். பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் நானாகக் கொடுக்க மாட்டேன். சாம்பிராணிப் புகையைப் பிள்ளையிடம் கொண்டு போக மாட்டேன். வேண்டாம் என்கிற தாயை வற்புறுத்த மாட்டேன். கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தால் நான் ஒரு வார்த்தை வைத்தியம் சொல்ல மாட்டேன், அன்றைக்கே கிளினிக்குக்குத் தூக்கிப் போகச் சொல்வேன்.

கடைசியைச் சொன்னபோது அவள் குரல் மாறியது. புனிதா விரலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்த சபாபதியும் பார்த்தார்.

பதினொரு வருடத்துக்கு முந்தைய கதை அது. காப்பார் சாலையில் தங்கமணி என்ற பெண்ணுக்குத் தலைப்பிள்ளை. மூன்றாம் நாள் காலையில் பிள்ளையின் கண்வெள்ளை மஞ்சள் நீரில் நனைத்த துணிபோல் இருந்தது. குமுதா பார்த்தாள். இப்படி எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தாயிற்று, காலை வெயிலில் காட்டினால் இறங்கிவிடும் என்றாள். பெருநாள் விடுமுறை வாரம். நேரில் வராமல் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி என்று சொல்லும் நர்ஸ் போனில் கூப்பிட்டுப் பிள்ளையின் நிறம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தபோது, என்ன சொல்ல அக்கா என்று தங்கமணி இவள் முகத்தைப் பார்த்தாள். நல்லா இருக்குன்னு சொல்லு என்றாள் குமுதா. ஐந்தாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. தூக்கினால் துணிபோல் தொங்கியது. ஆஸ்பத்திரியில் நீல விளக்குக்கு அடியில் எட்டு நாள் கிடந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் கண்ணாடிக்கு வெளியே நின்ற குமுதாவிடம், இனி வர வேண்டாம் என்று அந்த வீட்டில் சொல்லிவிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அங்கே பார்த்துக்கொள்ள ஆள் நிறைய இருக்கிறது என்று மட்டும் சபாபதியிடம் சொன்னாள். பிள்ளை உயிரோடு வீடு திரும்பியது என்பது மட்டும் காதில் விழுந்தது. அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாததை இருவரிடமும் சொல்லி முடித்து, "இதையும் போடு," என்றாள் மகளிடம்.

சபாபதி வேண்டாம் என்றார். எந்த மனுஷனாவது தன் கடை வாசலில் தன் தப்பை எழுதி மாட்டுவானா, இருக்கிற கொஞ்ச நஞ்சமும் போய்விடும் என்றார். அவர் சொல்வது சரி என்று குமுதாவுக்கும் தெரிந்தது. புனிதா திரையிலிருந்து நிமிர்ந்தாள்.

"போடலாம்மா. ஆனா நீங்க அவங்ககிட்ட கேக்கணும். அது அவங்க பிள்ளையோட கதை."

அடுத்த சனிக்கிழமை குமுதா காப்பார் பஸ் ஏறினாள். காலை வெயில் மங்கலாக, பால் கலந்ததுபோல் இருந்தது. அதே வீடுதான். கதவு மட்டும் நிறம் மாறியிருந்தது. திறந்தது ஒரு சிறுமி. உயரமாக இருந்தாள், இரட்டைப் பின்னல். வலது காதுக்குப் பின்னால் ஊதா நிறத்தில் ஒரு சின்னக் கருவி மாட்டியிருந்தது. அம்மா இருக்காங்களா என்று குமுதா கேட்டபோது, சிறுமி அவள் கண்ணைப் பார்க்காமல் உதட்டைப் பார்த்தாள்.

குமுதா நிலையைப் பிடித்துக்கொண்டாள். வந்த வழியே போய்விட வேண்டும்போல் இருந்தது. அதற்குள் உள்ளேயிருந்து தங்கமணி வந்துவிட்டாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை. ஆனால் கதவை அகலமாகத் திறந்தாள்.

அடுக்களைத் தரையில் செய்தித்தாள் விரித்து நெத்திலி குவித்திருந்தது. தங்கமணி போய் உட்கார்ந்து தலை கிள்ளத் தொடங்கினாள். குமுதாவும் எதிரில் உட்கார்ந்தாள். சும்மா இருக்க முடியாமல் அவள் கையும் ஒரு நெத்திலியை எடுத்தது. கிள்ளிக்கொண்டே வந்த விஷயத்தைச் சொன்னாள். பக்கம், அதில் இருந்த பொய், போனில் வந்த பெண், இப்போது எழுத நினைப்பது. சொல்லி முடித்த பிறகும் தங்கமணி கிள்ளிக்கொண்டே இருந்தாள். தலைகள் ஒரு பக்கமும் மீன்கள் ஒரு பக்கமும் சேர்ந்துகொண்டே போயின. ஜன்னலுக்கு வெளியே வாழை இலையில் வெயில் அசைந்தது.

"ஒரு காது சுத்தமா கேக்காது," என்றாள் தங்கமணி கடைசியில். "இன்னொண்ணு மெஷின் வச்சா கேக்கும். மஞ்சக் காமாலைனாலதான் இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நிச்சயமா சொல்ல முடியாதுன்னும் சொன்னாரு."

குமுதாவின் கை நின்றுவிட்டது.

"நாலு வருஷம் உங்கள ஏசிக்கிட்டே இருந்தேன்க்கா. சமைக்கிறப்ப ஏசுவேன். துணி காயப்போடுறப்ப ஏசுவேன். ஸ்பீச் கிளாஸ் வாசல்ல உக்காந்து ஏசுவேன். பெறகு ஒருநாள் தோணிச்சு, மிஸ்ஸி கேட்டப்ப நல்லா இருக்குன்னு சொன்ன வாய் என் வாய்தானே. எனக்கும் மனசுக்குள்ள பயமாத்தான் இருந்துச்சு. நீங்க சொன்னத நம்பினா அன்னிக்கு நிம்மதியா தூங்கலாம். அதான் நம்பினேன். உங்கள ஏசறத விட்டா என்னைய ஏசணும். அதுக்காகவே உங்கள விடாமப் புடிச்சிருந்தேன்."

"என்னைய ஏசு தங்கமணி. அது சரிதான். மிஸ்ஸி கேட்டப்ப நீ என் மூஞ்சியத்தானே பாத்த."

தங்கமணி முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விரலெல்லாம் மீன் நாற்றம். "மன்னிச்சிட்டேன்னு எழுதாதீங்க. முழுசா இல்ல. புள்ள பேரையும் போடாதீங்க. பொழச்சிடுச்சு, நல்லா இருக்குன்னு எழுதி முடிச்சிடவும் கூடாது. காது போச்சுன்னு எழுதுங்க. அதப் படிக்கிறவ எவளா இருந்தாலும் அன்னிக்கே கிளினிக்குக்கு ஓடுவா."

சிறுமி இரண்டு குவளையில் மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். இவங்க யாரும்மா என்று கேட்டாள். சொற்கள் கொஞ்சம் உருண்டையாக, கூழாங்கல்போல் விழுந்தன. தங்கமணி மகளின் பக்கம் முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"நீ பொறந்தப்ப உன்னையக் குளிப்பாட்டினவங்க."

சிறுமி குமுதாவின் கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகள் அவ்வளவு பெரியவையா என்று அளப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போனாள். குமுதா மைலோவை முழுக்கக் குடித்தாள். பஸ் நிற்கும் இடம் வரை எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்குப் பிறகு நினைவில்லை.

புனிதா அதை எழுதினாள். இரண்டு முறை அழகாக வந்தது, இரண்டு முறையும் குமுதா அழிக்கச் சொன்னாள். மூன்றாவதாக எழுதியது இவ்வளவுதான்: 'பதினொரு வருடத்துக்கு முன் நான் பார்த்துக்கொண்ட ஒரு குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தது. வெயில் போதும் என்று நான் சொன்னேன். அது தவறு. குழந்தைக்குக் கேட்கும் திறன் போய்விட்டது. அதன் தாயிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகு நான் போன எந்த வீட்டிலும், மூன்றாம் நாள் குழந்தையைக் கிளினிக்கில் காட்டாமல் இருந்ததில்லை.' கீழே குமுதாவின் முழுப்பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன.

சபாபதி பயந்ததுதான் முதலில் நடந்தது. பேசி வைத்திருந்த ஒரு வீட்டில் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து ஒரு குழுவில் போட்டு, பிள்ளையைச் செவிடாக்கியவள் விளம்பரம் போடுகிறாள் என்று எழுதியிருந்தார்கள். அதைப் புனிதா அம்மாவிடம் மறைத்தாள், பிறகு மறைக்க முடியாமல் காட்டினாள். குமுதா படித்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லையே என்றாள். பக்கத்துக்கு வருகிறவர்கள் குறைந்திருந்தார்கள். ஆனால் வந்தவர்கள் முன்புபோல் பத்து வினாடியில் ஓடவில்லை, நாலைந்து நிமிடம் நின்று படிக்கிறார்கள் என்று புனிதா சொன்னாள். அதனால் என்ன லாபம் என்று சபாபதி கேட்கவில்லை. மூன்று வாரம் குமுதா தினமும் நொச்சிக்குத் தண்ணீர் ஊற்றினாள். தழை தேவைக்கு மேல் வளர்ந்து நின்றது.

நாலாவது வெள்ளிக்கிழமை மதியம் பச்சைக் கேட்டுக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் எட்டிப் பார்த்தான். முப்பது வயதிருக்கும். பெயர் ஷாஹுல் ஹமீது என்றும், ராமநாதபுரத்துப் பக்கம் என்றும், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்வதாகவும் சொன்னான். மனைவி ஃபர்ஹானா இங்கே ஜெஞ்சாரோம் ஊரிலேயே பிறந்தவள். வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவன் கூச்சத்தோடு, ஆனால் ஒன்றையும் விடாமல் பார்த்தான். அண்டாவைப் பார்த்தான். செடியைப் பார்த்தான். கையிலிருந்த கைப்பேசித் திரையையும் ஒரு முறை பார்த்துக்கொண்டான். சமையல் பாத்திரம் பற்றித் தயங்கிக் கேட்டான். உங்கள் வீட்டுப் பாத்திரத்தில்தான் சமைப்பேன், சாமானும் நீங்கள் வாங்கித் தருவதுதான் என்றாள் குமுதா. சபாபதி எழுந்து வந்து அவனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"அவ ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாக்கா," என்றான் அவன். "அந்தப் புள்ள இப்ப எப்படி இருக்கு?"

இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்கவில்லை. குமுதா சொன்னாள். உயரமாக இருக்கிறாள், இரட்டைப் பின்னல் போட்டிருக்கிறாள், உதட்டைப் பார்த்துப் பேசுவதைப் புரிந்துகொள்கிறாள், நன்றாக மைலோ கலக்குகிறாள்.

அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். "எங்களுக்கு அடுத்த மாசம் பத்தாம் தேதி சொல்லியிருக்காங்க," என்றான்.

பிள்ளை எட்டாம் தேதியே பிறந்துவிட்டது. பெண். ஜெஞ்சாரோமில் செம்பனை மரங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தொடங்கிவிடும். காலை வெளிச்சம் ஓலைகளுக்குள் வடிந்து வருவதால் அறை முழுக்கக் குளத்துக்கு அடியில் இருப்பதுபோல் ஒரு பச்சை. ஃபர்ஹானா சின்ன உருவம். குமுதாவின் பக்கத்தில் படித்ததையெல்லாம் மனதில் வைத்திருந்தாள். மணிக்கு ஒரு தடவை பிள்ளையை ஜன்னலுக்குத் தூக்கிப் போய் நிறம் பார்த்தாள். இரண்டு நாளாகக் கண்ணை மூடவில்லை. ஒன்றும் இருக்காது என்று குமுதா சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொல்வதில்லை.

மூன்றாம் நாள் மூன்று பேரும் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு போனார்கள். மிஸ்ஸி குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தாள். கொஞ்சம் இருக்கிறது, நாளைக்கும் வாங்க என்றாள். மறுநாளும் போனார்கள். இறங்கத் தொடங்கிவிட்டது என்றார்கள். திரும்பி வந்ததும் குமுதா ஃபர்ஹானாவுக்கு எண்ணெய் தடவி, தழைத் தண்ணீர் வார்த்து, வயிற்றைக் கட்டினாள். ஆவி அடங்கிய அறையில் வேப்பிலையும் செராயும் மணத்தன. ஃபர்ஹானா ஈரத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்து, மடியில் இருந்த பிள்ளையையும் எதிரில் இருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆன்டி, நீங்க பாத்துக்கிறீங்களா? நான் கொஞ்சம் தூங்குறேன்."

பிள்ளை கை மாறியது. ஃபர்ஹானா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தண்ணீரில் போட்ட கல்போல் உறக்கத்துக்குள் போய்விட்டாள். வாய் லேசாகத் திறந்துகொண்டது. குமுதா ஜன்னலோரம் வெளிச்சம் விழும் இடத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணி ஆயிற்று. பதினொன்றாயிற்று. ஓலைகளின் நிழல் தரையில் நகர்ந்து அவள் முழங்காலைத் தாண்டிப் போயிற்று. கால் மரத்துப்போனது. அவள் அசையவில்லை.